பண் ஆராய்ச்சியும் தமிழ் இசைவிழாவும்

பண் ஆராய்ச்சி என்பது பழந்தமிழ் இசையில் வழங்கிய பண்களின் இயல்பையும், அவை இன்று எவ்வடிவில் நிலைத்துள்ளன என்பதையும் நூற்சான்று, கல்வெட்டு, ஓதுவார் மரபு ஆகியவற்றின் துணைகொண்டு ஆராயும் முயற்சி ஆகும். சென்னையில் 1943 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தமிழ் இசைச் சங்கம், மார்கழி மாதத்தில் நடத்தும் இசைவிழாவின் ஒரு பகுதியாக 1949 ஆம் ஆண்டு முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தி வருகின்றது. மாலையில் கச்சேரியும் காலையில் ஆராய்ச்சியும் என அமைந்த இவ்விழா, பழைய இசையைப் பாடுவதோடு அதன் உண்மை வடிவம் எது என்னும் கேள்வியையும் அரங்கில் வைத்தது.

இக்கட்டுரையில் தேவாரம் என்பது மூவர் பாடிய திருமுறைப் பாடல்களைக் குறிக்கும். அதே பெயருடைய ஊர் ஒன்று தேனி மாவட்டத்தில் உள்ளது. அவ்வூர் அமைந்த வட்டாரத்துக்கும் தமிழிசை ஆய்வுக்கும் உள்ள தொடர்பு கட்டுரையின் பிற்பகுதியில் கூறப்படுகின்றது.

சொற்பொருள்

பண் என்பது இன்னின்ன சுரங்கள், இன்னின்ன நடை என்ற வரையறையோடு அமைந்த இசை வடிவம். இக்காலக் கருநாடக இசையில் இராகம் என வழங்குவதற்கு இது ஏறத்தாழ இணையானது. ஏழு சுரமும் நிறைந்தவற்றைப் பண் என்றும், சுரம் குறைந்தவற்றைத் திறம் என்றும் பழைய நூல்கள் பிரித்துக் கூறுகின்றன. பிங்கல நிகண்டு, பண்ணும் திறமும் சேர்ந்து 103 எனத் தொகுத்துத் தருகின்றது.

பழந்தமிழ் இசையில் ஏழு சுரங்களுக்கும் தனித் தமிழ்ப் பெயர்கள் உண்டு. அவை குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன. சுரங்களுக்கிடையே உள்ள இடைவெளி அலகு என்னும் அளவால் குறிக்கப்பட்டது. குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2 என மொத்தம் 22 அலகுகள் கொள்ளப்பட்டன.

கோயில்களில் திருமுறைகளைப் பண்ணோடு பாடுவோர் ஓதுவார் எனப்படுவர். தாளமின்றி உருக்கமாகப் பாடும் முறை சுத்தாங்கம் என்றும், தாளத்தோடு பாடும் முறை பண்ணாங்கம் என்றும் வழங்குகின்றன.

பின்னணி

பழந்தமிழ் இசை பற்றிய இக்கால ஆய்வுக்கு வழி திறந்தது ஏட்டுச் சுவடிகள் அச்சேறியதே ஆகும். உ. வே. சாமிநாதையர் 1892 ஆம் ஆண்டு சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையுடன் பதிப்பித்தார். அந்நூலின் அரங்கேற்று காதை, ஆய்ச்சியர் குரவை முதலிய பகுதிகளிலும் அவற்றின் உரைகளிலும் இசை இலக்கணச் செய்திகள் செறிந்து கிடந்தன. அடியார்க்கு நல்லார் தமக்குத் துணையாகக் கொண்ட இசை நூல்களின் பெயர்களும் அவ்வுரையால் தெரியவந்தன. அவற்றுள் பஞ்சமரபு பிற்காலத்தில் சுவடியாகக் கிடைத்து அச்சேறியது.

தஞ்சையில் மருத்துவராக வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) இச்செய்திகளைக் கொண்டு விரிவான ஆய்வில் இறங்கினார். 1912 ஆம் ஆண்டு முதல் தஞ்சையில் தம் செலவிலேயே இசை மாநாடுகளைக் கூட்டினார். 1916 இல் பரோடாவில் நடைபெற்ற அனைத்திந்திய இசை மாநாட்டிலும் கலந்துகொண்டார். அவரது பெருநூலான கருணாமிர்த சாகரம் 1917 ஆம் ஆண்டு வெளிவந்தது. 22 அலகு என்பதை நேர்ப்பொருளில் கொள்ளலாகாது என்றும், ஓர் இயக்கில் உள்ளவை 24 சம அலகுகளே என்றும் அவர் வாதிட்டார்.

ஈழத்தில் மட்டக்களப்பு மண்ணில் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) வழக்கொழிந்த யாழ்க் கருவியைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்து யாழ் நூலை எழுதினார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக அந்நூல் 1947 ஆம் ஆண்டு சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

தமிழிசை இயக்கமும் சங்கத்தின் தோற்றமும்

சென்னை இசைவிழாக்களின் வரலாறு 1927 ஆம் ஆண்டு காங்கிரசு மாநாட்டையொட்டி நடைபெற்ற இசை மாநாட்டிலிருந்து தொடங்குகின்றது. அதன் விளைவாக 1928 இல் மியூசிக் அகாதமி தொடங்கப்பட்டது. நாளடைவில் மார்கழி மாதமே இசைவிழாக் காலமாக நிலைபெற்றது. ஆயினும் அக்காலக் கச்சேரிகளில் தெலுங்கு, வடமொழி உருப்படிகளே மிகுதியாகப் பாடப்பட்டன. தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் கச்சேரியின் இறுதியில் துக்கடாவாக இடம்பெற்றன.

இந்நிலை மாற வேண்டும் என்று முயன்றவர்களுள் முதன்மையானவர் இராசா சர் அண்ணாமலைச் செட்டியார். அவர் ஆதரவில் 1941 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு நடைபெற்றது. தொடர்ந்து திருச்சிராப்பள்ளி, தேவகோட்டை, மதுரை முதலிய ஊர்களிலும் மாநாடுகள் கூடின. இராசாசி, டி. கே. சிதம்பரநாத முதலியார், ஆர். கே. சண்முகம் செட்டியார், கல்கி ஆகியோர் இயக்கத்துக்குத் துணை நின்றனர். இசைக்கு மொழி தடையன்று என்றும், மொழியை முன்னிறுத்தினால் கச்சேரியின் தரம் குன்றும் என்றும் மறுதரப்பினர் கருதினர். இரு தரப்பு வாதங்களும் அக்காலப் பத்திரிகைகளில் நெடுநாள் தொடர்ந்தன.

1943 ஆம் ஆண்டு சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டு, அவ்வாண்டு இறுதியிலேயே முதல் இசைவிழா நடைபெற்றது. 1944 இல் சங்கத்தின் சார்பில் தமிழ் இசைக் கல்லூரி தொடங்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தை அடுத்த பாரிமுனைப் பகுதியில் சங்கத்துக்கு உரிய அரங்கமான இராசா அண்ணாமலை மன்றம் 1952 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

தொடக்கத்தில் சங்கத்தின் நோக்கம் தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் உரிய இடம் பெற்றுத் தருவதாகவே இருந்தது. முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர் ஆகியோரின் கீர்த்தனைகளும் கோபாலகிருஷ்ண பாரதியார், பாபநாசம் சிவன் போன்றோரின் பாடல்களும் இதனால் பரவலாகப் பாடப்பட்டன. ஆனால் இவை எல்லாம் கடந்த சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. தமிழில் இசை உண்டா என்னும் கேள்விக்கு இவை விடையாயின. தமிழரின் பழைய இசை எது என்னும் கேள்வி எஞ்சியே நின்றது. அண்ணாமலைச் செட்டியார் 1948 இல் மறைந்தார். அதற்கு அடுத்த ஆண்டு, அவர் மகன் முத்தையா செட்டியார் காலத்தில் தொடங்கப்பட்ட பண் ஆராய்ச்சி இரண்டாவது கேள்விக்கு விடை தேடும் முயற்சியாகும்.

இசைவிழாவின் அமைப்பு

இசைவிழா ஆண்டுதோறும் திசம்பர் மாதப் பிற்பகுதியில் தொடங்கிப் பல நாட்கள் நடைபெறுகின்றது. மாலை வேளைகளில் பாட்டு, நாதசுரம், வீணை, வயலின், புல்லாங்குழல் முதலிய கச்சேரிகளும் நாட்டியமும் இடம்பெறும். திருமுறை இசையும் விழாவில் உரிய இடம் பெறுகின்றது. சிறந்த இசைவாணருக்கு இசைப்பேரறிஞர் என்னும் பட்டமும், பண்ணிசையில் சிறந்தோருக்குப் பண் இசைப்பேரறிஞர் என்னும் பட்டமும் வழங்கப்படுகின்றன. திருமுறைப் பாடல்களையும் தமிழ்க் கீர்த்தனைகளையும் ஒருங்கே பரப்பிய எம். எம். தண்டபாணி தேசிகர் போன்றோர் இவ்வியக்கத்தின் புகழ்பெற்ற பாடகர்கள் ஆவர். இவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைத் தலைவராகவும் பணியாற்றியவர்.

விழா நாட்களுள் சிலவற்றின் காலைப் பொழுது பண் ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்படுகின்றது. குறிப்பிட்ட பண்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படும். ஓதுவார்கள் அப்பண்ணில் அமைந்த பதிகங்களைத் தம் மரபுப்படி பாடிக் காட்டுவர். தமிழ்ப் புலவர்கள் நூற்சான்றுகளை எடுத்துரைப்பர். இசைவாணர்கள் பாடப்பட்ட இசையின் சுரங்களை ஆராய்ந்து அது எந்த இராகத்துக்கு ஒத்தது எனக் கருத்துரைப்பர். ஓதுவார் அறிந்தது பாட்டு, புலவர் அறிந்தது நூல், இசைவாணர் அறிந்தது சுரம். இம்மூன்றும் ஒருவரிடத்தில் சேர்ந்திருப்பது அரிதாகையால் மூவரும் ஓரிடத்தில் கூடுவதே இதன் சிறப்பாகும்.

ஆய்வுக்கான சான்றுகள்

பழைய இசையின் ஒலியை நேரே கேட்க இயலாது. எனவே பண் ஆராய்ச்சி நான்கு வகைச் சான்றுகளை நம்புகின்றது.

முதலாவது இலக்கியமும் இலக்கணமும் ஆகும். சிலப்பதிகாரம், அதன் உரைகள், நிகண்டுகள், பஞ்சமரபு ஆகியன இவ்வகையின.

இரண்டாவது கல்வெட்டு. புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில் உள்ள 7 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு ஏழு தலைப்புகளில் சுரக்கோவைகளைத் தருகின்றது. ஈரோடு மாவட்டம் அறச்சலூரில் தமிழ் பிராமி எழுத்தில் உள்ள கல்வெட்டு இசை அல்லது ஆடலுக்குரிய எழுத்தடுக்குகளைக் கொண்டுள்ளது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு வேறு வகையில் பயன்படுகின்றது. அது திருப்பதியம் பாடுவதற்கு 48 பேரும், அவர்களுக்கு உடுக்கை வாசிப்பவர் ஒருவரும், கொட்டி மத்தளம் வாசிப்பவர் ஒருவரும் ஆக 50 பேர் அமர்த்தப்பட்டதைக் கூறுகின்றது. ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல் அளிக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலையான ஊதியத்தோடு இயங்கிய ஓர் இசைக்குழுவின் அமைப்பை இதனால் அறிகிறோம். குழுவின் அளவும் தாளக் கருவிகளும் தெரிகின்றன. அவர்கள் பாடிய இசை மட்டும் கல்வெட்டில் இல்லை.

மூன்றாவது, பாடல்களின் யாப்பு அமைப்பு. ஒரே பண்ணில் அமைந்த பதிகங்களை அவற்றின் ஓசை அளவு நோக்கிக் கட்டளைகள் எனப் பிரிப்பர். சொற்களின் குறில் நெடில் அமைப்பிலேயே தாள நடை பொதிந்திருப்பதால், இசை மறைந்தாலும் நடையின் எலும்புக்கூடு பாடலில் எஞ்சியிருக்கின்றது.

நான்காவது ஓதுவார்களின் வாய்மொழி மரபு. தருமபுரம், திருவாவடுதுறை முதலிய சைவ ஆதீனங்களின் பாடசாலைகள் இம்மரபைப் பேணி வந்துள்ளன. இசையை இன்று ஒலியாகத் தருவது இந்த நான்காவது சான்று ஒன்றே.

தேவாரச் சுவடிகளின் தொகுப்பு முறையும் குறிப்பிடத்தக்கது. சம்பந்தர் பாடிய முதல் மூன்று திருமுறைகளும் சுந்தரர் பாடிய ஏழாம் திருமுறையும் பண் முறையாகவே தொகுக்கப்பட்டுள்ளன. அப்பர் பாடிய நான்காம் திருமுறையில் பண்களோடு திருநேரிசை, திருவிருத்தம் ஆகியனவும், ஐந்தாம் திருமுறையில் திருக்குறுந்தொகையும், ஆறாம் திருமுறையில் திருத்தாண்டகமும் இடம்பெறுகின்றன. இராசராசன் காலத்தில் ஏடுகள் தில்லையில் கண்டெடுக்கப்பட்டபோது பண்முறை மறந்துபோயிருந்தது என்றும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருவரைக் கொண்டு பண்கள் வகுக்கப்பட்டன என்றும் திருமுறை கண்ட புராணம் கூறுகின்றது. இது புராணச் செய்தியே ஆயினும், இசை ஒருமுறை மறைந்து பாடுவோர் மரபு ஒன்றினால் மீட்கப்பட்டது என்ற நினைவு பழங்காலத்திலேயே இருந்தமையை இது காட்டுகின்றது.

ஏழு பாலைகள்

பண் ஆராய்ச்சியில் பெரும்பாலும் ஒத்த கருத்து எட்டப்பட்ட பகுதி ஏழு பாலைகள் பற்றியதாகும். ஒரு பாலையின் சுரங்களை மாற்றாமல், அதன் ஒவ்வொரு சுரத்தையும் முறையே தொடக்கமாகக் கொண்டால் புதிய பாலைகள் பிறக்கும். இதனைப் பண்ணுப் பெயர்த்தல் என்பர். செம்பாலை இன்றைய அரிகாம்போதி எனக் கொண்டால் பிற பாலைகள் பின்வருமாறு அமையும்.

- குரல் தொடக்கம்: செம்பாலை – அரிகாம்போதி
- துத்தம் தொடக்கம்: படுமலைப்பாலை – நடபைரவி
- கைக்கிளை தொடக்கம்: செவ்வழிப்பாலை – இருமத்திமத் தோடி
- உழை தொடக்கம்: அரும்பாலை – சங்கராபரணம்
- இளி தொடக்கம்: கோடிப்பாலை – கரகரப்பிரியா
- விளரி தொடக்கம்: விளரிப்பாலை – தோடி
- தாரம் தொடக்கம்: மேற்செம்பாலை – கல்யாணி

ஆர்மோனியம் அல்லது மின்விசைப் பலகை வைத்திருப்போர் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். வெள்ளைக் கட்டைகளை மட்டும் பயன்படுத்தி, ஐந்தாம் கட்டையை ஆதார சட்சமமாகக் கொண்டு எட்டுச் சுரம் ஏறினால் அரிகாம்போதி கேட்கும். அடுத்த வெள்ளைக் கட்டையிலிருந்து ஏறினால் நடபைரவி கேட்கும். இவ்வாறு ஏழு வெள்ளைக் கட்டைகளிலிருந்தும் ஏழு பாலைகள் கிடைக்கும். மூன்றாவதாகக் கிடைக்கும் செவ்வழிப்பாலையில் பஞ்சமம் இல்லை. அதற்குப் பதிலாக மத்திமமே இரண்டு வகையாக வருவதால் அது இருமத்திமத் தோடி எனப்படுகின்றது.

தேவாரப் பண்களும் இராகங்களும்

தேவாரத்தில் பயிலும் பண்கள் எண்ணும் முறைக்கேற்ப 23 அல்லது 24 எனக் கூறப்படுகின்றன. பகலில் பாடத்தக்கவை, இரவில் பாடத்தக்கவை, எப்பொழுதும் பாடத்தக்கவை என இவை வகுக்கப்பட்டுள்ளன. இன்றைய ஓதுவார் வழக்கில் அவற்றுக்கு இணையாகப் பரவலாகக் கொள்ளப்படும் இராகங்கள் வருமாறு:

- நட்டபாடை – கம்பீரநாட்டை
- தக்கராகம், தக்கேசி – காம்போதி
- பழந்தக்கராகம் – சுத்தசாவேரி
- குறிஞ்சி – அரிகாம்போதி
- வியாழக்குறிஞ்சி – சௌராட்டிரம்
- மேகராகக்குறிஞ்சி – நீலாம்பரி
- அந்தாளிக்குறிஞ்சி – சாமா
- இந்தளம் – மாயாமாளவகௌளை
- சீகாமரம் – நாதநாமக்கிரியை
- காந்தாரம், பியந்தைக்காந்தாரம், கொல்லி, கொல்லிக்கௌவாணம் – நவரோசு
- நட்டராகம், சாதாரி – பந்துவராளி
- செவ்வழி – எதுகுலகாம்போதி
- காந்தாரபஞ்சமம் – கேதாரகௌளை
- கௌசிகம் – பைரவி
- பஞ்சமம் – ஆகிரி
- பழம்பஞ்சுரம் – சங்கராபரணம்
- புறநீர்மை – பூபாளம்
- செந்துருத்தி – மத்தியமாவதி

இவற்றோடு யாழ்முரி என்பது அடாணா இராகத்தில் பாடப்படுகின்றது. திருநீலகண்ட யாழ்ப்பாணரால் யாழில் வாசிக்க இயலாதவாறு சம்பந்தர் தருமபுரத்தில் பாடிய பதிகத்தின் இசையே யாழ்முரி எனச் சைவ மரபு கூறும்.

இப்பட்டியலில் யாழ்முரி நீங்கலாக 23 பண்கள் உள்ளன. ஆனால் இராகங்கள் 18 மட்டுமே. நான்கு பண்கள் நவரோசு என்ற ஒரே இராகத்திலும், காம்போதி, பந்துவராளி ஆகிய இராகங்களில் இவ்விரண்டு பண்களும் அடங்கிவிடுகின்றன. பண்முறை வகுத்தவர்கள் ஒரே இசைக்கு நான்கு பெயர் இட்டிருக்க மாட்டார்கள். எனவே ஒருகாலத்தில் இப்பண்களுக்கு இடையே இருந்த வேறுபாடு இடையில் மறைந்திருக்க வேண்டும். அல்லது அவ்வேறுபாடு சுரத்தில் அன்றி நடையிலும் பாடும் முறையிலும் இருந்திருக்க வேண்டும். எது நிகழ்ந்தது என்பதைப் பட்டியலால் மட்டும் முடிவு செய்ய இயலாது. பண்ணையும் இராகத்தையும் இணைக்கும் பட்டியலை ஆராய்ச்சியின் முடிவாகக் கருதாமல் தொடக்கமாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

கருத்து வேறுபாடுகள்

பண் ஆராய்ச்சியில் தீராத விவாதங்கள் பல உள்ளன.

- குரல் என்னும் முதற் சுரம் இன்றைய சட்சமமா, மத்திமமா என்பதில் அறிஞர்கள் வேறுபடுகின்றனர். இதனைப் பொறுத்து எல்லாப் பாலைகளின் அடையாளமும் மாறும்.
- அலகுகள் 22 என்பதும் 24 என்பதும் வேறு வேறு சுர அளவுகளைத் தருகின்றன.
- சில பண்களுக்கு இடத்துக்கு இடம் வேறு இராகம் வழங்குகின்றது. பழந்தக்கராகத்தை ஆரபியில் பாடுவோரும், புறநீர்மையைச் சிரீகண்டியில் பாடுவோரும் உளர்.
- ஓதுவார் மரபும் காலந்தோறும் கச்சேரி இசையின் தாக்கத்துக்கு உட்பட்டதே. 17 ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த 72 மேள முறை பரவிய பின்னர், பழைய பண்கள் புதிய இராகங்களின் இலக்கணத்துக்கு ஏற்பத் திருத்தப்பட்டிருக்கலாம் என்பர்.

இவ்விவாதங்களில் ஈடுபட்ட அறிஞர்களுள் குடந்தை ப. சுந்தரேசனார் (1914–1981) தாமே பாடிக் காட்டி விளக்கியதால் பொதுமக்களிடமும் புகழ்பெற்றார். எஸ். இராமநாதன் (1917–1988) சிலப்பதிகார இசை பற்றி நூல் எழுதியதோடு, அதே பொருளில் அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மதுரை சத்குரு சங்கீத வித்யாலயத்தின் முதல்வராகவும் இவர் விளங்கினார்.

ஐரோப்பியப் பழைய இசை இயக்கத்துடன் ஒப்பீடு

ஐரோப்பாவிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய இசையை மீட்கும் இயக்கம் வளர்ந்தது. ஆர்னால்டு தோல்மெட்சு (1858–1940) என்பவர் வழக்கொழிந்த நரம்பிசைக் கருவிகளையும் குழல்களையும் மீண்டும் செய்து, இங்கிலாந்தின் ஏசில்மியர் என்னும் ஊரில் 1925 ஆம் ஆண்டு முதல் பழைய இசைக்கென ஆண்டு விழா நடத்தினார். விபுலாநந்தர் யாழை ஆராய்ந்ததும் தமிழ் இசைச் சங்கம் விழாவோடு ஆய்வை இணைத்ததும் இதனோடு ஒப்பிடத்தக்கவை.

எனினும் இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய பாடல்களின் இசைக்குறிப்புகள் ஏட்டில் எஞ்சியிருந்தன. அவற்றைப் பாடிய மரபு பெரும்பாலும் அறுந்துபோயிருந்தது. தமிழகத்தில் பாடும் மரபு அறாமல் தொடர்ந்தது. ஆனால் பழைய தேவார இசை சுரக்குறிப்பாக எழுதி வைக்கப்படவில்லை. ஏடு உள்ளவருக்குக் காலம் பெரிய பகையன்று, ஏடு நூலகத்தில் காத்திருக்கும். வாய்மொழியை நம்பியவருக்கு ஒரு தலைமுறை இடைவெளியே போதும், இசை மறைந்துவிடும். ஆதலால் தமிழகத்தில் பழைய இசையின் ஆய்வு என்பது ஓதுவார் மரபைக் காப்பதிலிருந்து பிரிக்க முடியாததாகின்றது.

பண்ணும் நிலமும்: தேனிப் பகுதியின் தொடர்பு

பழந்தமிழர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய யாழும் பண்ணும் வகுத்தனர். மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குக் குறிஞ்சிப் பண் உரியது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் மலைக்குறவர் ஆடும் குன்றக் குரவையோடு தொடங்குகின்றது. கண்ணகி வானுலகு சென்ற மலையாக மரபில் கருதப்படும் இடம் தேனி மாவட்டம் கூடலூரை அடுத்து, தமிழக, கேரள எல்லையில் உள்ளது. அங்குள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலில் ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவு நாளில் விழா நடைபெறுகின்றது.

அதே ஏலமலைத் தொடரின் கிழக்கு அடிவாரத்தில், போடிநாயக்கனூருக்குத் தெற்கே இராசிங்காபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. இவற்றுள் கோம்பை, தமிழிசை ஆய்வாளர் வீ. ப. கா. சுந்தரம் (1915–2003) பிறந்த ஊராகும். மதுரை பசுமலையில் வாழ்ந்த இவர், பழந்தமிழ் நூல்களில் காணப்படும் இசைக் கலைச்சொற்களை எல்லாம் அகரவரிசையில் தொகுத்து விளக்கும் தமிழிசைக் கலைக்களஞ்சியத்தை உருவாக்கினார். நான்கு தொகுதிகளைக் கொண்ட இந்நூலைத் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பாலை, பண், திறம், அலகு முதலிய சொற்களின் பொருள் நூலுக்கு நூல் மாறித் தோன்றுவதால் ஏற்படும் குழப்பத்தை நீக்க இக்களஞ்சியம் பெரிதும் பயன்படுகின்றது.

பண்ணைப்புரம், தமிழ் இசைச் சங்கம் தோன்றிய அதே 1943 ஆம் ஆண்டில் இசையமைப்பாளர் இளையராசா பிறந்த ஊர். எட்டாம் திருமுறையான திருவாசகத்தின் பாடல்கள் சிலவற்றுக்கு அவர் மேற்கத்திய சேர்ந்திசை முறையில் இசையமைத்து 2005 ஆம் ஆண்டு வெளியிட்டார். பழைய வடிவத்தை மீட்பது ஆய்வாளர் வழி. பழைய பாடலுக்குப் புதிய வடிவம் தருவது இசையமைப்பாளர் வழி. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளாமல் இரண்டையும் கேட்கலாம்.

தேனிப் பகுதியில் தேவாரப் பாடல் பெற்ற தலம் எதுவும் இல்லை. பாண்டி நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 14 இல் மதுரை, திருப்பரங்குன்றம், திருவேடகம், திருவாப்பனூர் ஆகியவை இப்பகுதி மாணவர்கள் எளிதில் சென்றுவரத் தக்கவை. இவற்றுள் சோழவந்தானை அடுத்துள்ள திருவேடகம், தேனி மாவட்டத்து மலைகளில் தோன்றும் வைகையின் கரையிலேயே அமைந்துள்ளது.

இன்றைய நிலை

பண் ஆராய்ச்சி தொடங்கி எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றது. இக்காலத்தில் ஒலிப்பதிவு பெரும் துணையாகியுள்ளது. தருமபுரம் ப. சுவாமிநாதன் போன்ற ஓதுவார்களின் திருமுறைப் பதிவுகள் பரவலாகக் கிடைக்கின்றன. இதனால் ஒரே பதிகத்தை வேறு வேறு ஓதுவார்கள் எவ்வாறு பாடுகின்றனர் என்பதை ஒப்பிட முடிகின்றது. முன்னாளில் இவ்வொப்பீட்டுக்கு அனைவரும் ஒரே மன்றத்தில் கூட வேண்டியிருந்தது. பழைய சிற்பங்களையும் இலக்கியக் குறிப்புகளையும் கொண்டு யாழை மீண்டும் செய்து வாசிக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன.

ஆயினும் ஒலிப்பதிவு பாடகருக்கு மாற்றாகாது. பதிவு ஒருநாள் பாடிய ஒரு வடிவத்தையே காட்டும். பண்ணை விரித்துப் பாடவும், ஐயம் எழுந்தால் மறுமுறை வேறு விதமாகப் பாடிக் காட்டவும், மாணவரின் பிழையைத் திருத்தவும் ஆசிரியரே வேண்டும். இராசராசன் ஒரே கோயிலில் 48 பேரை அமர்த்தினான். இன்று பல பெருங்கோயில்களில் ஓர் ஓதுவாரே பணிபுரிகின்றார். ஓதுவார் இல்லாத கோயில்களும் பல. பண் ஆராய்ச்சியின் எதிர்காலம் இப்பணிக்கு வரும் இளைஞர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே அமையும்.

மாணவர்கள் இத்துறையைக் கேள்வி வழியாகவே அறிமுகம் செய்துகொள்ளலாம். நட்டபாடையில் அமைந்த சம்பந்தரின் முதற் பதிகத்தையும் கம்பீரநாட்டையில் அமைந்த ஒரு கீர்த்தனையையும் அடுத்தடுத்துக் கேட்டால், இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை உடனே புலப்படும். மறுமுறை கேட்கும்போது இரண்டுக்கும் உள்ள வேற்றுமையும் புலப்படத் தொடங்கும். பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் ஆண்டுதோறும் விவாதிக்கப்படுவது அந்த வேற்றுமையே ஆகும்.